விதைக்கு முந்தின இரவு

கெந்து பே
12 பிப்ரவரி 1999

ஒகேயோ அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அங்கே நீங்கள் சுகமா என்று கேட்பது வழக்கம், அதனால் கேட்கிறேன். கிறிஸ்துமஸுக்கு வருவதாகச் சொன்னீர்கள். ஒரு சேவலை அடைத்து வைத்தேன். நீங்கள் வரவில்லை. சேவல் இப்போது என்னைவிடக் கொழுத்துவிட்டது.

ஏரிப் பக்கம் மேகம் கட்டத் தொடங்கிவிட்டது. நிலத்தை உழுது போட்டாயிற்று. நான் எதற்காக எழுதுகிறேன் என்று உங்களுக்குத் தெரியும். ஐம்பத்திரண்டு வயதுப் பொம்பளை இதைக் காகிதத்தில் எழுத வேண்டியிருப்பதே வெட்கக்கேடு. இருந்தாலும் எழுதுகிறேன். நீங்கள் வந்து ஓர் இரவு என்னோடு படுத்து எழுந்திருக்க வேண்டும். விடிந்ததும் நான் மண்வெட்டியோடு வெளியே வந்து முதல் குழி வெட்டி விதை போட வேண்டும். அப்புறம்தான் மூத்தவன் ஒகேயோ வயலில் விதை விழலாம், அவனுக்கு அப்புறம் சின்னவன் ஒமோலோ வயலில். பெற்றவர்கள் தொடங்காமல் பிள்ளை விதைத்தால் சீரா பிடிக்கும், முறை மீறின சாபம். சீரா பிடித்த வீட்டில் குழந்தைகள் எப்படி உருகிச் சாகும் என்று உங்கள் சித்தப்பா வளவிலேயே பார்த்திருக்கிறோம்.

போன ஆகஸ்டு மழைக்கும் நீங்கள் வரவில்லை. "அப்பாவுக்கு லீவு கிடைக்கல" என்று பிள்ளைகளை உட்கார வைத்தேன். சுற்றிலும் பச்சை, நம் வளவு மட்டும் மொட்டை. ஒமோலோ பெண்டாட்டி ஓடையில் குடம் கழுவிக்கொண்டே, "எங்க மாமனாருக்கு நைரோபியில வேற வயல் இருக்கு போல, அங்கதான் விதைக்கிறாரு" என்றாள். என் காதில் விழவேண்டும் என்றுதான் சொன்னாள். விழுந்தது.

வேறு ஒருத்தி இருந்தால் சொல்லிவிடுங்கள். கூட்டிக்கொண்டே வாருங்கள். முறைப்படி நான் முதலில் விதைப்பேன், அவள் எனக்குப் பின்னால் விதைக்கட்டும். அதற்குக்கூட ஓர் ஒழுங்கு இருக்கிறது. இப்படி ஒளிந்துகொள்வதில் என்ன ஒழுங்கு இருக்கிறது?

ரிஸ்பா


நைரோபி
21 பிப்ரவரி 1999

ஒகேயோ அம்மாவுக்கு,

உன் கடிதத்தை பஸ் கண்டக்டர் ஒதேரோ கொண்டுவந்து கொடுத்தான். நான் சுகம்.

வேறு ஒருத்தி இல்லை. நம்பினால் நம்பு.

ரயில்வே பட்டறையில் மூன்று எஞ்சின்கள் பிரித்துப் போட்டபடி கிடக்கின்றன. மேஸ்திரி யாருக்கும் லீவு தருவதில்லை. ஏப்ரலில் பார்க்கலாம். ஒதேரோவிடம் விதைச்சோளம் இரண்டு பை கொடுத்து அனுப்பியிருக்கிறேன். கூடவே என் பழைய கோட்டும் வருகிறது. எங்கள் அப்பா காலத்தில், ஜெயிலில் இருந்த ஒருவருடைய கோட்டைக் கட்டிலில் போட்டு அவர் பெண்டாட்டி விதை இறக்கினாள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். பெரியவர்களிடம் கேட்டுப் பார்.

இங்கே இந்த வருஷம் சூடு தாங்கவில்லை. ராத்திரியில் பனியன் நனைந்து ஒட்டிக்கொள்கிறது. ஜன்னலைத் திறந்து வைத்தால், அறையில் கூட இருக்கும் முசியோகா, "கிழவா, எலும்பு நடுங்குது, மூடு" என்று கத்துகிறான். அவன் அடுத்த மாதம் வேறு அறைக்குப் போகிறானாம். போகட்டும்.

போன சனிக்கிழமை ரேடியோவில் நம் மொழியில் ஒரு துதிப்பாட்டு வந்தது. என்ன காரணமோ, கண்ணில் தண்ணீர் கொட்டிவிட்டது. வயதாகிறது, வேறொன்றுமில்லை.

ஒபூரா


கெந்து பே
3 மார்ச் 1999

ஒகேயோ அப்பாவுக்கு,

கோட்டு வந்து சேர்ந்தது. பெரியவர்களிடம் கேட்கச் சொன்னீர்கள். எப்படிக் கேட்பது? "என் புருஷன் ஜெயிலில் இல்லை, ரயில்வேயில் இருக்கிறார், ஆனால் கோட்டோடு படுத்துக்கொள்ளச் சொல்கிறார்" என்று கேட்கவா? கோட்டை ஆணியில் மாட்டியிருக்கிறேன். காற்றடித்தால் கையை ஆட்டுகிறது. அதற்காவது என்னிடம் சொல்ல ஏதோ இருக்கிறது.

முதலில் கோபத்தில்தான் படித்தேன். இரண்டாவது தடவை படித்தபோது கோபம் நின்றுவிட்டது. நானும் நைரோபியில் உங்களோடு நாலு வருஷம் இருந்தவள். அங்கே ராத்திரி எந்த மாதத்திலும் போர்வை இல்லாமல் படுக்க முடியாது. முசியோகா நடுங்குகிறான், நீங்கள் மட்டும் நனைகிறீர்கள்.

நான் சொல்கிறேன், சரியா என்று பாருங்கள். நெஞ்சிலிருந்து கிளம்பி கழுத்துக்கு ஏறும். காது எரியும். நெருப்புக்குள் முகத்தை விட்ட மாதிரி இருக்கும். அப்புறம் குப்பென்று வேர்க்கும். வேர்த்து முடிந்ததும் குளிரும். அப்படித்தானே? எனக்கு மாதவிலக்கு நின்ற வருஷம் முழுக்க அப்படித்தான் இருந்தது. "உள்ளேயே அடுப்பு வச்சிருக்கியா, களி கிண்டிடலாமா?" என்று சிரித்தவர் நீங்கள். பாட்டு கேட்டால் எனக்கும் அழுகை வரும். பாட்டு இல்லாவிட்டாலும் வரும்.

பொம்பளைக்கு வருவது ஆம்பளைக்கு எப்படி வரும் என்று நேற்றெல்லாம் யோசித்தேன். போன ஈஸ்டருக்கு வந்தபோது ராத்திரி ராத்திரி எழுந்து வெளியே போய்க்கொண்டே இருந்தீர்கள். கேட்டதற்கு, டீ அதிகமாகக் குடித்துவிட்டேன் என்றீர்கள். இடுப்பு வலிக்கிறது என்றும் சொன்னீர்கள்.

வேறு ஒருத்தியை வைத்திருக்கிறவன் துதிப்பாட்டு கேட்டு அழமாட்டான். அதுவரை எனக்குப் புரிகிறது. உங்களுக்கு என்ன? யார் உங்களுக்கு என்ன கொடுக்கிறார்கள்? ஒளிக்காமல் எழுதுங்கள். இதற்குமேல் ஒளித்தால் நானே பஸ் ஏறி வந்து பட்டறை வாசலில் நின்று கேட்பேன்.

ரிஸ்பா


நைரோபி
10 மார்ச் 1999

ரிஸ்பா,

நீ வந்து வாசலில் நிற்கக்கூடியவள்தான். அதனால் எழுதுகிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

ஆண்களுக்கு மூத்திரப் பைக்குக் கீழே ஒரு சுரப்பி இருக்கிறதாம். சின்ன எலுமிச்சை அளவு. எனக்கு அதில் புற்று. எலும்பிலும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. இடுப்பு வலி சாக்கு அல்ல. போன மே மாதம் கண்டுபிடித்தார்கள்.

ஆஸ்பத்திரியில் இருக்கும் டாக்டரம்மா நம் ஏரிப் பக்கத்துப் பெண். நம் மகள் உயிரோடு இருந்தால் அந்த வயதுதான் இருக்கும். அவள் முன்னால் இதைப் பேச எனக்கு நாக்கு எழவில்லை. அவளே பேசினாள். "அப்பா, இந்தக் கட்டி உங்க உடம்புல ஊறுற ஆம்பளைச் சத்தத் தின்னுதான் வளருது. அந்தச் சாப்பாட்ட நிறுத்திட்டா சுருண்டுக்கும். செத்துடும்னு சொல்ல மாட்டேன். சுருண்டு கிடக்கும்" என்றாள். அதற்கு ஓர் ஊசி. நாலு வாரத்துக்கு ஒரு தடவை தொப்புளுக்குப் பக்கத்தில் போடுகிறார்கள். அரிசி மணி மாதிரி மருந்து தோலுக்கு அடியில் தங்கிக் கரைந்துகொண்டே இருக்கும். தலையிலிருந்து கீழே போகும் உத்தரவு நின்றுபோகும். சத்து ஊறுவதும் நின்றுவிடும். எஞ்சினுக்கு எண்ணெய் போகும் குழாயை அடைக்கிற வேலைதான் இது. எனக்குப் புரிந்தது. குழாயை அடைத்தால் ஒரு சக்கரம் மட்டும் நிற்காது என்பதும் புரிந்தது.

நீ எழுதியதெல்லாம் சரி. வரிக்கு வரி சரி. உன் கடிதத்தைப் படித்தபோது, என் உடம்பை நீ பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்று தோன்றியது. எத்தனையோ மாதங்களில் அப்படித் தோன்றியது அன்றைக்குத்தான்.

நீ எழுதாததும் இருக்கிறது. வயிறு பெருத்துவிட்டது, கை மெலிந்துவிட்டது. முன்பு ஒற்றைக் கையால் திருப்பிய எஞ்சின் நட்டை இப்போது பையன்கள் வந்து திருப்பிக் கொடுக்கிறார்கள். மார்பு இரண்டும் வீங்கி, சட்டை உரசினாலே வலிக்கிறது. பட்டறையில் எல்லோரும் குளித்துப் போன பிறகுதான் குளிக்கிறேன். முசியோகா இருக்கும்போது சட்டையைக் கழற்றுவதில்லை.

கடைசியாக அது. ஆசை போய்விட்டது ரிஸ்பா. அடக்கி வைத்திருக்கிறேன் என்று நினைக்காதே. அடக்க ஒன்றும் இல்லை. போனதற்காக வருத்தப்படக்கூடத் தோன்றவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. உன்னை தினமும் நினைக்கிறேன். உன் சத்தத்தை நினைக்கிறேன், நீ மீன் கழுவும்போது முணுமுணுக்கும் திட்டை நினைக்கிறேன். கட்டிலை நினைப்பதில்லை.

இப்போது சொல், நான் எப்படி வருவேன்? வந்து வெறுமனே படுத்து எழுந்து, நீ முதல் குழி வெட்டினால் அது பொய் விதைப்பு. சீரா பேரப்பிள்ளைகள் மேல் விழும். வராமல் இருந்தால் ஒமோலோ பொறுக்கமாட்டான், தானே விதைப்பான், அப்போதும் விழும். சபையில் பாஸ்டர் கேட்டால் இதையெல்லாம் நம்பவில்லை என்றுதான் சொல்வேன். நம் வயலில் நிற்கும்போது நம்புகிறேன். நீயும் அப்படித்தான்.

ஒபூரா


கெந்து பே
16 மார்ச் 1999

ஒகேயோ அப்பாவுக்கு,

அடுப்பில் போடவில்லை. கோட்டுப் பையில் வைத்துத் தைத்துவிட்டேன்.

பத்து மாதமாக ஒற்றை ஆளாக இதைச் சுமந்திருக்கிறீர்கள். நான் இங்கே உங்களுக்கு ஒரு பொம்பளையைக் கற்பனை செய்து, அவளுக்குப் பல் எடுப்பு என்றுகூட முடிவு செய்து வைத்திருந்தேன். நினைத்தால் அழுகை வருகிறது, சிரிப்பும் வருகிறது.

முந்தா நாள் மழை பெய்துவிட்டது. நல்ல மழை. நேற்று ஒமோலோ வந்து கதவருகில் நின்றான். "அம்மா, ஞாயித்துக்கிழமை வரைக்கும்தான் பாப்பேன். அப்புறம் நான் போட்டுருவேன். சீரா வந்தா வரட்டும், பட்டினி வந்தாலும் அதே சாவுதான்" என்றான். அவன் மேல் தப்பில்லை. அவன் பின்னால் சின்னது நின்று என் பாவாடையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

ஆகவே கேளுங்கள். உங்கள் அப்பாவைக் கடைசி வருஷங்களில் கட்டிலில் ஏற்ற இரண்டு பேர் வேண்டும், இறக்க மூன்று பேர் வேண்டும். அப்போதும் ஒவ்வொரு மழைக்கும் அத்தை விடியலில் மண்வெட்டியோடு வெளியே வந்தாள். வளவு முழுக்க விதைத்தது. உள்ளே என்ன நடந்தது என்று யாராவது கேட்டார்களா? எந்தப் பேரனுக்காவது சீரா பிடித்ததா? நான் புதுப் பெண்ணாக வந்தபோது அத்தையிடம் கேட்டேன். "ஒரே கூரை, ஒரே போர்வை, மூடின கதவு. மத்தது கதவுக்கு உள்ளார இருக்கிறவங்க கணக்கு" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகம் எப்படி இருந்தது என்று இன்றைக்குத்தான் எனக்குப் புரிகிறது.

கோட்டு ஆள் ஆகாது. மெலிந்த கையும் வீங்கின மார்புமாக வந்தாலும் நீங்கள் ஆள். பொய் விதைப்பு என்று பயமாக இருந்தால், வருகிற சீரா என் மேல் வரட்டும் என்று கதவைச் சாத்தும்போது வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன்.

சனி இரவு பஸ். சேவல் காத்திருக்கிறது.

ரிஸ்பா


நைரோபி
11 ஏப்ரல் 1999

ரிஸ்பா,

வந்து சேர்ந்தேன். இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் சோம்பல் அல்ல. எழுதினால் ஊரில் உன்னோடு இருந்த அந்த இரண்டு நாளும் முடிந்துபோனதாக ஆகிவிடும் என்றிருந்தது.

அன்றிரவு எனக்குச் சூடு ஏறியபோது நீ எழுந்து முறத்தை எடுத்து விசிறினாய். "இது மட்டும் கொஞ்ச நேரத்துல போயிரும், அசையாதீங்க" என்றாய். பனியனைக் கழற்றச் சொன்னாய். நான் மாட்டேன் என்றேன். நீயே கழற்றினாய். பார்த்துவிட்டு விசிறிக்கொண்டே இருந்தாய். காலையில் நீ மண்வெட்டியோடு போனபோது நான் கதவின் பின்னால் நின்று பார்த்தேன். மருமகள்கள் குலவையிட்டார்கள். ஒகேயோ என்னைப் பார்த்துத் தலை தாழ்த்தினான். எனக்கு ஓட வேண்டும் போல இருந்தது. இப்போது அதையே திரும்பத் திரும்ப நினைக்கிறேன்.

முசியோகா போய்விட்டான். அவன் கட்டில் காலியாகக் கிடக்கிறது. ஜன்னலைத் திறந்து வைத்தால் திட்டுவதற்கு ஆள் இல்லை. திட்டு இல்லாமல் அறை பெரிதாகிவிட்டது.

ஒரு விஷயம். ரத்தத்தில் ஏதோ ஒன்றை அளக்கிறார்கள். அது ஏறிவிட்டதாம். கட்டி பட்டினிக்குப் பழகிவிட்டது என்கிறாள் டாக்டரம்மா. சத்து இல்லாமலே பிழைக்கக் கற்றுக்கொண்டதாம். என்னைவிடக் கெட்டிக்காரக் கட்டி. அடுத்த மாதம் நரம்பு வழியாக மருந்து ஏற்றப் போகிறார்கள். ஊசியும் தொடருமாம்.

முளை வந்ததா?

ஒபூரா


கெந்து பே
2 மே 1999

ஒகேயோ அப்பாவுக்கு,

முளை வந்தது. என் வயலில் முதலில், ஒகேயோ வயலில் அடுத்து, ஒமோலோ வயலில் கடைசியில். இப்போது முழங்காலுக்கு வந்துவிட்டது. களை எடுக்கிறோம். ஒமோலோ பெண்டாட்டி எனக்கு ஒமேனா மீன் காயவைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். மன்னிப்பு அவள் வாயில் வராது, மீனில் வந்திருக்கிறது.

நான் அங்கே வந்து கூட இருக்கிறேன். மருந்து ஏற்றினால் யார் கஞ்சி வைப்பார்கள்? வேண்டாம் என்று எழுதாதீர்கள்.

கட்டிலில் நீங்கள் படுத்த பக்கத்தில் நான் இன்னும் படுப்பதில்லை.

ரிஸ்பா


நைரோபி
17 ஜூன் 1999

ரிஸ்பா,

வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். நீ வந்தால் வயலை யார் பார்ப்பது? குரங்கும் மாடும் உன் மகன்களுக்கு அடங்காது, உன் குரலுக்குத்தான் அடங்கும்.

இரண்டு தடவை ஏற்றிவிட்டார்கள். மூன்று வாரத்துக்கு ஒன்று. மருந்து கருநீலமாக இருக்கிறது, எழுதும் மை மாதிரி. அன்றைக்கும் மறுநாளும் மூத்திரம் பச்சையும் நீலமுமாகப் போகிறது. முதல் தடவை பயந்துபோய் ஓடினேன். நர்சம்மா, "அப்பா, அது மருந்தோட சாயம்தான். வெள்ளைக் கால்சட்டை போடாதீங்க" என்று சிரித்தாள். கண்ணின் வெள்ளைகூடக் கொஞ்சம் நீலம் பூத்திருக்கிறது. நீ இப்போது பார்த்தால் என்னை அழகன் என்பாய்.

ஊசி கட்டியைப் பட்டினி போட்டது. இது விஷம் வைக்கிறது. வேகமாகப் பெருகுவது எதுவோ அதை அடிக்குமாம். கட்டி வேகமாகப் பெருகுகிறது. வாயின் உள்தோலும் அப்படித்தான், முடியின் வேரும் அப்படித்தான், ரத்தத்தில் காவல் நிற்கும் வெள்ளை அணுக்களும் அப்படித்தான். எது சொந்தம், எது திருடன் என்று இதற்கு அடையாளம் தெரியாது. வாயெல்லாம் புண். டீ ஆறிய பிறகுதான் குடிக்கிறேன். முடி கொஞ்சம் கொஞ்சமாகத் தலையணைக்குப் போகிறது. ஏற்றி ஒரு வாரம் கழிந்ததும் காவல்காரர்கள் குறைந்துபோவார்களாம். அப்போது காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும், கூட்டத்தில் போகக்கூடாது, பஸ்ஸில் உட்காரக்கூடாது என்கிறார்கள். ஆகவே அறையில் இருக்கிறேன். பக்கத்து அறைக்காரர் கடையிலிருந்து பால் வாங்கி வாசற்படியில் வைத்துவிட்டுக் கதவைத் தட்டிவிட்டுப் போகிறார். அந்தத் தட்டும் சத்தத்துக்காக உட்கார்ந்திருக்கிறேன்.

இடுப்பு வலி குறைந்திருக்கிறது. அதையும் எழுத வேண்டும். குறைந்திருக்கிறது.

நம் சோளம் பால் பிடித்திருக்கும். புதுச் சோளத்தை முதலில் நீயும் நானும் தின்று, அந்த இரவையும் முறையாகக் கழித்த பிறகுதான் மற்றவர்கள் வாய் வைக்கலாம் என்பதை மறக்கவில்லை. ஆனால் இந்தத் தடவை எனக்காகக் காக்க வேண்டாம். பிள்ளைகள் பசித்திருக்கக் கூடாது. ஒகேயோ மூத்தவன். அவனும் அவன் பெண்டாட்டியும் தொடங்கட்டும். நான் சொன்னதாகச் சொல்.

ஒபூரா


கெந்து பே
26 ஜூன் 1999

ஒகேயோ அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்தியை நான் யாருக்கும் படித்துக் காட்டவில்லை. காட்டவும் மாட்டேன்.

மூத்த மகன் அறுவடையைத் தொடங்குவது எந்த வீட்டில் என்று உங்களுக்குத் தெரியும். அப்பனைப் புதைத்த வீட்டில். நான் தலை மழித்துக்கொள்ளவில்லை. என் புருஷன் ரயில்வேக் குடியிருப்பில் ஆறின டீ குடித்துக்கொண்டு, நீலமாக மூத்திரம் பெய்துகொண்டு, உயிரோடு இருக்கிறார். அவர் இருக்கும்போது ஒகேயோ எதைத் தொடங்குவான்? நீங்கள் கோபத்தில் எழுதியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். அடக்கமாக எழுதியிருக்கிறீர்கள்.

எனக்கும் பயம்தான். ராத்திரி கோட்டைப் பார்க்காமல் படுக்கிறேன்.

சோளம் பால் பிடித்து நிற்கிறது. ஊரெல்லாம் சுடுகிற வாசனை. நேற்று ஒமோலோவின் சின்னது வந்து ஒரு கதிரைத் தடவிக்கொண்டு, "பாட்டி, இது எப்ப?" என்று கேட்டது. "தாத்தா வந்ததும்" என்றேன். "தாத்தா எப்ப?" என்றது. ஒமோலோ வந்து அதைத் தூக்கிக்கொண்டான். திட்டுவான் என்று நினைத்தேன். "கேட்டுட்ட இல்ல, தாத்தா வந்ததும்" என்று அவனும் சொன்னான். கடைச் சோளமாவில் களி தின்கிறோம். யாரும் பசித்திருக்கவில்லை.

ஏற்றி மூன்றாவது வாரம் காவல்காரர்கள் திரும்பி வந்துவிடுவார்கள், அப்புறம்தான் அடுத்ததை ஏற்றுவார்கள் என்று கெந்து பே ஆஸ்பத்திரி நர்சிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். யாருக்கு என்று அவளிடம் சொல்லவில்லை. அந்த வாரத்தில் டாக்டரம்மாவிடம் கேட்டுவிட்டு வாருங்கள். கூட்டமில்லாத பகல் பஸ்ஸில் வாருங்கள். முன் சீட்டை ஒதேரோ காலியாக வைத்திருப்பான், பேசிவிட்டேன். இந்த மூன்றாவது வாரம் முடியாவிட்டால் அதற்கடுத்த மூன்றாவது வாரம். அதுவும் முடியாவிட்டால் அதற்கடுத்தது.

பச்சைச் சோளத்துக்குத்தான் அவசரம். அறுக்காமல் விட்டால் கதிர் தட்டையிலேயே காயும். காய்ந்த சோளம் மாதக்கணக்கில் நிற்கும். அதனால் காயட்டும் என்று விட்டுவிட்டேன். உங்கள் வாய்ப்புண்ணுக்குக் கஞ்சிதான் ஆகும், கஞ்சிக்குக் காய்ந்த சோளம்தான் வேண்டும்.

முறம் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.

ரிஸ்பா